பல்லுக்குள் ஒரு நாட்குறிப்பு: எக்ஸ்ரே சொல்லும் குழந்தைப் பருவக் கதை

1924-ம் வருடக் கடைசியில், தென்னாப்பிரிக்காவில் தாவுங் என்ற ஊரின் சுண்ணாம்புக் குவாரியிலிருந்து கற்கள் நிறைந்த பெட்டிகள் ஜோஹன்னஸ்பர்க் வந்து சேர்ந்தன. அங்கே பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ரேமண்ட் டார்ட், அதில் ஒரு கல்லைப் பின்னல் ஊசி வைத்துச் சுரண்டிச் சுரண்டி உள்ளிருந்த முகத்தை வெளியே கொண்டுவந்தார். அது ஒரு குழந்தையின் முகம். பால் பற்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. கூடவே முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைத்திருந்தது. 1925 பிப்ரவரியில் அவர் அதற்கு ஆஸ்ட்ரலோபித்திகஸ் ஆஃப்ரிகானஸ் என்று பெயர் வைத்ததும், உலகம் பல வருடங்கள் அதை ஏற்க மறுத்ததும் பலருக்குத் தெரிந்த கதை.

இந்தக் கட்டுரை அதைப் பற்றி அல்ல. அதைவிடச் சின்னதாகத் தெரியும் ஒரு கேள்வியைப் பற்றி. சாகும்போது அந்தக் குழந்தைக்கு என்ன வயது?

டார்ட் சொன்ன பதில், சுமார் ஆறு. காரணம் எளிது. நம் குழந்தைகளுக்கு முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஆறு வயதில்தான் முளைக்கும். ஆனால் சிம்பன்சிக் குட்டிக்கு அதே பல் மூன்று வயதை ஒட்டியே முளைத்துவிடும். அப்படியென்றால் தாவுங் குழந்தை மனிதன் மாதிரி வளர்ந்திருந்தால் ஆறு வயது, சிம்பன்சி மாதிரி வளர்ந்திருந்தால் மூன்று வயது. எது என்று கண்டுபிடிக்கத்தான் ஃபாசிலையே பார்க்கிறோம். ஆனால் ஃபாசிலின் வயதைச் சொல்ல, அது எது மாதிரி வளர்ந்தது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நம்ம மொழியில் சொன்னால் சர்க்குலர் டிபென்டன்சி. இந்த முடிச்சை அவிழ்க்க அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. அவிழ்த்ததில் பெரிய பங்கு எக்ஸ்ரேக்கு.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

மனிதக் குழந்தை மாதிரி நிதானமாக வளரும் பிராணி பாலூட்டிகளில் அபூர்வம். சிம்பன்சிக்கு ஞானப்பல் பத்துப் பன்னிரண்டு வயதில் வந்துவிடும். நமக்குப் பதினெட்டுக்கு மேல்தான், சிலருக்கு வருவதே இல்லை. இவ்வளவு வருடம் இன்னொருத்தர் ஊட்டி, காத்து, சொல்லிக்கொடுத்து வளர்க்க வேண்டிய பிள்ளையை ஒரு வேட்டையாடிக் கூட்டம் எப்படித் தாங்கியது?

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்: மூளை பெரிதானது, அதை வளர்க்க அதிக காலம் தேவைப்பட்டது, அதனால் குழந்தைப் பருவம் நீண்டது. இதற்கு ஆதாரமும் உண்டு. குரங்கினங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், மூளையின் எடை கூடக்கூட முதல் கடைவாய்ப்பல் முளைக்கும் வயதும் கூடுகிறது. ஆனால் இது இன்று உயிரோடு இருப்பவற்றை ஒப்பிட்டுச் சொல்வது. முப்பது லட்சம் வருடப் பாதையில் எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்பதை அது சொல்லாது. அதற்கு இறந்துபோன குழந்தைகளின் சரியான வயது வேண்டும்.

எக்ஸ்ரே முதலில் காட்டியது வரிசையை, நேரத்தை அல்ல

ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அதற்கு அடுத்த சில வருடங்களிலேயே, 1900-களின் தொடக்கத்தில், குரோஷியாவின் கிராபினாவில் கிடைத்த நியாண்டர்தால் எலும்புகளை கோர்யானோவிச்-கிராம்பெர்கர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டார். தாடைக்குள் இன்னும் முளைக்காமல் இருக்கும் பற்களை உடைக்காமல் பார்க்கலாம் என்றால் யார்தான் விடுவார்கள்?

1975-ல் ஆலன் மான் என்பவர் தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த சிறுவர் தாடைகளின் எக்ஸ்ரே படங்களை வைத்து ஒரு முடிவுக்கு வந்தார். எந்தப் பல் எவ்வளவு உருவாகியிருக்கிறது என்ற வரிசை மனிதனுடையதைப் போல இருக்கிறது, ஆகவே அந்தக் காலத்திலேயே நீண்ட குழந்தைப் பருவம் இருந்தது என்றார். பல வருடங்கள் இதுவே ஏற்கப்பட்ட கருத்து.

இங்கேதான் ஒரு நுணுக்கம். எக்ஸ்ரே படம் எந்தப் பல்லுக்குப் பிறகு எந்தப் பல் என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று சொல்லாது. வெர்ஷன் நம்பர் இருக்கிறது, டைம்ஸ்டாம்ப் இல்லை. 1.0, 1.1, 1.2 என்று வரிசையைப் பார்த்து, "இந்த டீம் மாசம் ஒரு ரிலீஸ் போட்டிருக்கும்" என்று ஊகிப்பது மாதிரி.

டைம்ஸ்டாம்ப் எங்கே இருக்கிறது?

பல்லிலேயே இருக்கிறது. எனாமல் ஒரே மூச்சில் உருவாவதில்லை. அதைச் சுரக்கும் செல்கள் தினமும் சில மைக்ரான் அளவுக்கு அடுக்கிக்கொண்டே போகும். (நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் போல.) ஒவ்வொரு நாள் வேலைக்கும் ஒரு மெல்லிய கோடு விழுகிறது. அதோடு சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் அழுத்தமான கோடு ஒன்றும் விழுகிறது. ரெட்சியஸ் கோடு என்று பெயர். இந்த இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். மனிதர்களில் பொதுவாக 7 முதல் 9 நாள், ஆனால் 6 முதல் 12 வரை போகலாம். ஒரே ஆளின் எல்லாப் பற்களிலும் அது ஒரே எண்தான்.

பிறந்த அன்றும் ஒரு கோடு விழும். கருப்பையிலிருந்து வெளியே வரும் அதிர்ச்சி எனாமலில் பதிவாகிறது. முதல் கடைவாய்ப்பல் பிறப்பதற்குச் சற்று முன்பே உருவாகத் தொடங்குவதால், அந்தப் பிறப்புக் கோடு அதில் கிடைக்கும். பிற்பாடு கடுமையான காய்ச்சல் வந்தாலும், பட்டினி கிடந்தாலும், அந்த நாளில் உருவாகிக்கொண்டிருந்த எல்லாப் பற்களிலும் ஒரே நேரத்தில் ஒரு வடு விழும். இதை வைத்து ஒரு பல்லின் கணக்கு முடியும் இடத்தில் அடுத்த பல்லின் கணக்கைத் தொடங்கலாம். நான்கு சர்வரின் லாக் ஃபைல்களை ஒரே சம்பவத்தை வைத்துப் பொருத்துகிறோமே, அதே வேலைதான். பிறப்புக் கோட்டிலிருந்து கடைசி அடுக்கு வரை எண்ணினால் வயது நாள் கணக்கில் வந்துவிடும். பல் உருவாகி முடிவதற்குள் இறந்துபோன பிள்ளைகளுக்கு மட்டுமே இது சாத்தியம் என்பது மனதைக் கொஞ்சம் கனக்கச் செய்யும் விஷயம்.

1985-ல் திமோத்தி புரோமேஜும் கிறிஸ்டோஃபர் டீனும், ரெட்சியஸ் கோடுகள் பல்லின் வெளிப்பரப்பில் மெல்லிய வரிகளாகத் தெரிவதைப் பயன்படுத்தி அவற்றை எண்ணினார்கள். மனித அளவுகோலில் ஐந்து, ஆறு வயது என்று நினைத்திருந்த ஆஸ்ட்ரலோபித்திகஸ் குழந்தைகள் உண்மையில் மூன்று வயதை ஒட்டியவர்கள் என்று வந்தது. மானின் முடிவு ஆட்டம் கண்டது. 1987-ல் கிளென் கான்ராயும் மைக்கேல் வேனியரும் தாவுங் மண்டையோட்டையே சிடி ஸ்கேன் எடுத்து, அதன் பல் வளர்ச்சி மனிதக்குரங்கைப் போன்றது என்றார்கள். இன்று தாவுங் குழந்தைக்குச் சொல்லப்படும் வயது மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்.

ஆனாலும் ஒரு ஓட்டை இருந்தது. வெளியே தெரியும் வரி ஒன்றுக்கு எத்தனை நாள்? ஏழு என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு பல்லில் 100 வரி என்றால், வரிக்கு 6 நாள் என்றால் 600 நாள், 10 நாள் என்றால் 1000 நாள். ஒரு வருடத்துக்கு மேல் வித்தியாசம்! சரியான எண் வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் தினசரிக் கோடுகளைப் பார்க்க வேண்டும். அதற்குப் பல்லை அறுக்க வேண்டும். உலகத்தில் பத்துப் பதினைந்து மட்டுமே இருக்கும் ஒரு பல்லை அறுக்க எந்த மியூசியம் சம்மதிக்கும்?

அறுக்காமல் அறுப்பது எப்படி

சாதாரண எக்ஸ்ரே என்பது நிழல். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கலந்துவிடும். அதைப் பிரிக்கும் தந்திரம்தான் சிடி. ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் முதல் நோயாளியின் மூளை படம் பிடிக்கப்பட்டது 1971-ல். 1979-ல் அவருக்கும் கார்மக்குக்கும் நோபல்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். நாலு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு எண் ஒளிந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டல் 7, கீழ் வரிசை 9. இடது பத்தி 6, வலது பத்தி 10. எண்கள் என்ன? மேலே 5, 2, கீழே 1, 8 என்றால் சரியாக வருகிறது. ஆனால் மேலே 4, 3, கீழே 2, 7 என்றாலும் வருகிறது! இரண்டு திசை போதவில்லை. இப்போது இடது மேலிருந்து வலது கீழ் வரை குறுக்காகக் கூட்டினால் 13 என்று இன்னொரு தகவல் தருகிறேன். உடனே முதல் விடை மட்டும்தான் நிற்கும்.

எக்ஸ்ரே கதிர் பொருளின் உள்ளே போய் வெளியே வரும்போது வழியில் எவ்வளவு தேய்ந்தது என்ற கூட்டுத்தொகையை மட்டும்தான் சொல்கிறது. பொருளைச் சுற்றிச் சுற்றி ஆயிரக்கணக்கான திசையில் கூட்டுத்தொகையை எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருந்திருக்க வேண்டும் என்று கணினி தீர்க்கிறது. அவ்வளவுதான் சிடி. 1984-லேயே கான்ராயும் வேனியரும் உள்ளே கல் நிரம்பிப்போன ஃபாசில் மண்டையோட்டில் இருந்து எலும்பைத் தனியாகவும் கல்லைத் தனியாகவும் திரையில் பிரித்துக் காட்டினார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரி சிடி அரை மில்லிமீட்டர் வரைதான் பார்க்கும். நமக்குத் தேவை சில மைக்ரான். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு நாள் எனாமலுக்கும் மறுநாள் எனாமலுக்கும் அடர்த்தியில் வித்தியாசமே கிட்டத்தட்ட இல்லை. இரண்டும் கதிரை ஒரே அளவுதான் தேய்க்கும். நிழலில் வித்தியாசம் எப்படித் தெரியும்?

இங்கேதான் சிங்க்ரோட்ரான் வருகிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் நிலையம் இருக்கிறது. 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் சுற்றுகின்றன. காந்தங்கள் அவற்றை வளைக்கும்போது மிகப் பிரகாசமான எக்ஸ்ரே வெளிவருகிறது. ஆனால் பிரகாசம் மட்டும் காரணமில்லை.

நல்ல வெயிலில் தெளிந்த வாய்க்காலின் அடி மணலைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் வலை மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். தண்ணீர் வெளிச்சத்தை விழுங்கவில்லை. மேலே உள்ள சிற்றலைகள் வெளிச்சத்தைச் சற்றே வளைக்கின்றன, அது கொஞ்சம் தூரம் போனதும் சில இடத்தில் குவிகிறது, சில இடத்தில் விலகுகிறது. மேகம் மூடினால் வலை மறைந்துவிடும், ஏனென்றால் அப்போது வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது.

இதேதான் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் முறை. பல்லின் உள்ளே ஒவ்வொரு கோட்டின் விளிம்பிலும் எக்ஸ்ரே துளியூண்டு வளைகிறது. டிடெக்டரைப் பல்லுக்கு ஒட்டி வைக்காமல் தள்ளி வைத்தால் அந்த வளைவு வெளிச்சக் கோடாகவும் இருட்டுக் கோடாகவும் மாறித் தெரியும். ஆனால் கதிர் ஒரே சீராக வர வேண்டும், மேகமூட்ட வெளிச்சம் உதவாது. நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் ஒரு சிறு புள்ளியிலிருந்து வரும் சிங்க்ரோட்ரான் கதிர் அந்த வகையில் வெயில் மாதிரி. இதை ஃபாசில் பற்களுக்குப் பழக்கிய முக்கியமான ஆள் அங்கே பணிபுரியும் பால் டாஃபரோ.

டேட்டா அளவையும் யோசித்துப் பாருங்கள். ஒரு செ.மீ. கனசதுரத்தை ஒரு மைக்ரான் கட்டங்களாகப் பிரித்தால் ஒரு லட்சம் கோடி கட்டம். கட்டத்துக்கு 2 பைட் என்றால் 2 டெராபைட், ஒரே ஒரு பல்லுக்கு! அதனால் முழுப் பல்லையும் சுமாரான துல்லியத்தில் எடுத்துவிட்டு, கோடுகள் இருக்கும் இடங்களை மட்டும் நெருங்கி எடுக்கிறார்கள்.

எண்ணிப் பார்த்தபோது

2007: மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்த சிறுவர் தாடை. டான்யா ஸ்மித், டாஃபரோ குழு எண்ணியதில் வயது கிட்டத்தட்ட 7.8. பல் வளர்ச்சி இன்றைய ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இருப்பது போலவே. 2017-ல் அந்த இடத்தின் காலம் சுமார் 3 லட்சம் வருடம் என்று பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஆக, நம் இனத்தின் ஆரம்பத்திலேயே இந்த நிதானம் வந்துவிட்டது.

2010: பெல்ஜியத்தின் எங்கிஸ் குகையில் 1830-ஐ ஒட்டிக் கிடைத்த நியாண்டர்தால் குழந்தை. நாலைந்து வயது என்று சொல்லிவந்தார்கள். எண்ணினால் மூன்று. நியாண்டர்தால்கள் நம்மைவிட வேகமாக வளர்ந்தார்கள் என்பது முடிவு. இதை எல்லோரும் ஏற்கவில்லை. 2017-ல் ஸ்பெயினின் எல் சித்ரோன் குகைச் சிறுவனை ஆராய்ந்த குழு, அவனுக்கு 7.7 வயது, மொத்த வளர்ச்சி நம்மைப் போலவே, முதுகெலும்பும் மூளையும் மட்டும் சற்று மாறுபடுகின்றன என்றது. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

2020: எத்தியோப்பியாவின் டிகிகாவில் செரசெனாய் அலெம்செகெட் குழு கண்டெடுத்த, 33 லட்சம் வருடப் பழைய ஆஸ்ட்ரலோபித்திகஸ் அஃபரென்சிஸ் குழந்தை. 861 நாட்கள் வாழ்ந்திருக்கிறது. இரண்டு வருடம் நாலு மாதம் சொச்சம். அதே ஸ்கேனில் மண்டையோட்டின் உள்பக்கத்தில் மூளை பதித்த தடமும் கிடைத்தது. மூளையின் அமைப்பு மனிதக்குரங்கைப் போன்றது. ஆனால் அந்த வயதுக்கு அது வளர்ந்து முடிந்திருக்க வேண்டிய அளவு முடியவில்லை. அதாவது மூளை சிறியதுதான், வளர்ச்சி மட்டும் இழுபட ஆரம்பித்துவிட்டது.

2024: ஜார்ஜியாவின் த்மானிசி. 17.7 லட்சம் வருடப் பழைய, நம் ஹோமோ பேரினத்தைச் சேர்ந்த ஒரு வளரிளம் ஆள். வயது 11-க்கும் 12-க்கும் இடையில். சோலிகோஃபர், போன்ஸ் டி லியோன், லார்ட்கிபானிட்சே, டாஃபரோ குழு எண்ணியது. மொத்தமாகப் பார்த்தால் பல் வளர்ச்சி 12, 13 வயதில் முடிந்திருக்கும், அது மனிதக்குரங்குக் கணக்குதான். ஆனால் முதல் ஐந்து வருடம் பின்பற்கள் முன்பற்களைவிடப் பின்தங்கி மெதுவாக வளர்ந்திருக்கின்றன, மனிதக் குழந்தையைப் போல. அதற்குப் பிறகு ஓட்டமெடுத்துச் சமன் செய்திருக்கின்றன. த்மானிசி ஆட்களின் மூளை 546 முதல் 730 கன செ.மீ. வரை. நம்முடையதில் பாதியை ஒட்டி.

அப்படியானால்?

கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய மூளை வந்ததால் குழந்தைப் பருவம் நீண்டது என்ற வரிசை தலைகீழாகலாம். மூளை பெரிதாவதற்கு முன்பே, பிள்ளை அதிக காலம் பெரியவர்களைச் சார்ந்திருக்கத் தொடங்கிவிட்டது. அப்படிச் சார்ந்திருக்க முடிந்ததால்தான் மூளைக்குப் பெரிதாக அவகாசம் கிடைத்ததோ? த்மானிசிக் குழு இதோடு இன்னொன்றையும் சேர்க்கிறது. அதே இடத்தில் பற்கள் அநேகமாக எல்லாம் விழுந்து, அதற்குப் பிறகும் சில வருடங்கள் வாழ்ந்த ஒரு முதியவரின் மண்டையோடு கிடைத்திருக்கிறது. சின்னஞ்சிறுசு, வளர்ந்தவர், கிழவர் என்று மூன்று தலைமுறை சேர்ந்து இருந்த கூட்டத்தில்தான் இந்த நிதானம் சாத்தியம் என்பது அவர்கள் கருத்து. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் பிள்ளை வளர்ப்பது எவ்வளவு சுலபம் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கவர்ச்சியான கருதுகோள்தான். ஆனால் நிதானம் வேண்டும். த்மானிசியில் எண்ணியது ஒரே ஒரு ஆளை. டிகிகாவிலும் ஒரே ஒரு குழந்தை. இன்றைய மனிதர்களிலேயே ஒரு பிள்ளைக்கு ஐந்தில் முளைப்பது இன்னொன்றுக்கு ஏழில் முளைக்கிறது. தவிர, பல் வளர்ச்சி என்பது உடல் வளர்ச்சிக்கு ஒரு பிரதிநிதி மட்டுமே, அதுவே வாழ்க்கை அல்ல. திரையில் தெரியும் அழகான முப்பரிமாணப் படத்தில் எது எலும்பு, எது கல் என்று எல்லை போடுவதிலும் மனிதக் கையும் முடிவும் இருக்கிறது.

இன்னொரு விலையும் உண்டு. அதிக அளவு எக்ஸ்ரே பட்டால் எலும்பில் மிச்சமிருக்கும் பழைய டிஎன்ஏ சிதையும். அதனால் டிஎன்ஏ கிடைக்க வாய்ப்புள்ள ஃபாசில்களில் முதலில் அதற்கு மாதிரி எடுத்துவிட்டு, பிறகு சக்திவாய்ந்த ஸ்கேனுக்கு அனுப்புவது நல்லது. பல்லை அறுக்கவில்லை என்பதற்காக எதையும் இழக்கவில்லை என்று ஆகாது.

ஆனாலும் ஒரு விஷயம் நிச்சயமாக மாறிவிட்டது. டார்ட் காலத்தில் "இது மனிதன் மாதிரியா, சிம்பன்சி மாதிரியா" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் வயது சொல்ல முடியும். இப்போது முதலில் வயதை எண்ணுகிறோம், பிறகு எது மாதிரி என்று கேட்கிறோம். வந்த பதில் இரண்டு மாதிரியும் இல்லை. டிகிகா குழந்தை சிம்பன்சியும் அல்ல, சின்ன மனிதனும் அல்ல. த்மானிசிப் பிள்ளை முதல் ஐந்து வருடம் ஒரு விதம், பிறகு வேறு விதம். 861 என்ற எண்ணை யாரும் ஊகிக்கவில்லை. ஒவ்வொரு நாளாக எண்ணித்தான் அது வந்தது.